பத்துக்குப் பதினைந்தில் ஒரு கீற்றுக் கொட்டகை: நீங்களே கட்டுவதற்கு முழு வழிகாட்டி

வயலோரமோ தென்னந்தோப்போ, உள்ளே ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு பானைத் தண்ணீர், இரண்டு மூட்டை உரம் வைக்கிற அளவுக்கு ஒரு கொட்டகை. அதைப் பற்றித்தான் இது. நான் இதுவரை மூன்று கட்டியிருக்கிறேன். முதலாவது, 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயலில் கூரை மொத்தமாக எழும்பி அடுத்த வயலில் போய் உட்கார்ந்துவிட்டது, கால்களும் கூடவே பிடுங்கிக்கொண்டு போயின. மற்ற இரண்டும் நிற்கின்றன. அப்புறம் பட்டணத்திலிருந்து ஊர் திரும்பி வந்தவர்கள் நாலைந்து பேருக்குக் கூடமாட நின்று கட்டிக்கொடுத்ததில் ஒன்று புரிந்தது. எல்லாரும் கவலைப்படுவது கூரை ஒழுகுமா என்று. காவிரி டெல்டாவில் கொட்டகை சாவது பெரும்பாலும் கால்களின் அடியில், இல்லையென்றால் மூட்டுக் கட்டுகளில். கீழே நீரும் கரையானும், மேலே காற்று. கூரை ஒழுகினால் நாலு கீற்று செருகலாம், கால் இற்றுப்போனால் மொத்தத்தையும் பிரிக்கத்தான் வேண்டும்.

1. எப்போது தொடங்குவது

தை அறுவடை முடிந்த கையோடு கழி வாங்கி ஊறப்போட வேண்டும், மாசியில் கால் நட வேண்டும், பங்குனியில் கூரை வேய்ந்துவிட வேண்டும். இதற்குக் காரணம் இருக்கிறது. கார்த்திகை, மார்கழி மழையில் ஊறிய களிமண்ணில் குழி வெட்டினால் ஓரம் சரிந்துகொண்டே இருக்கும். சித்திரை வைகாசியிலோ அதே மண் வெடித்து, கடப்பாரை போட்டால் பாறை மாதிரி திருப்பி அடிக்கும். மாசியில் மண் பதமாக இருக்கும்.

இன்னொன்று, ஆடிக் காற்றுக்கு முன்னால் கட்டுகள் எல்லாம் காய்ந்து இறுகி, தளர்ந்தவற்றை ஒருமுறை மறுபடி முறுக்கியிருக்க வேண்டும். ஆடியில் வேலையை ஆரம்பித்து, பாதி வேய்ந்த கூரையைக் காற்றுக்குக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

2. இடம்

பெரிய மழையில் தண்ணீர் எதுவரை நின்றது என்று பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். 2020 டிசம்பர் புரெவி மழை நிறையப் பேருக்கு நினைவிருக்கும். மோட்டார் கொட்டகைச் சுவரில் படிந்த சேற்றுக் கோடும் சொல்லும். அந்தக் கோட்டுக்கு மேலே உங்கள் தரை இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

வாய்க்கால் கரையில் கட்டாதீர்கள். நிழலாக இருக்கும், தண்ணீர் பக்கம், ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது புறம்போக்காக இருக்கும், தூர்வார இயந்திரம் வருகிற அன்று உங்கள் கொட்டகைதான் முதலில் போகும். பட்டா நிலமாக இருந்தாலும் ஊராட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தென்னை மரத்துக்கு நேர் கீழேயும் வேண்டாம். காய்ந்த மட்டை ஒன்று விழுந்தால் கீற்று கிழிந்துவிடும், தேங்காய் விழுந்தால் கீற்றைத் தாங்குகிற மூங்கில் பிளாச்சான வரிச்சே முறியும்.

கூரை உச்சியில் நீளவாக்கில் கிடக்கிற மோட்டுவளை கிழக்கு மேற்காக ஓடும்படி திசை வையுங்கள். ஆடிக் காற்று மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து வருகிறது, ஐப்பசி கார்த்திகை மழைக்காற்று கிழக்கிலும் வடகிழக்கிலும் இருந்து வருகிறது. இரண்டுமே கொட்டகையின் குறுகிய பக்கத்தில் மோதும், நீளமான கூரைச் சரிவில் முழுசாக அறையாது. மேற்கு வெயிலும் குறுகிய பக்கத்தில்தான் விழும்.

3. சாமான் கணக்கு

கால்களுக்கு இடையில் 10 அடி அகலம், 15 அடி நீளம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

ஓரக்கால் ஆறு, ஒவ்வொன்றும் 11 அடி. மோட்டுவளையைத் தாங்குகிற நடுக்கால் மூன்று, ஒவ்வொன்றும் 16 அடி. சவுக்கு போதும், நாலைந்து அங்குல விட்டம் இருக்கட்டும். ஓரக்கால்களின் தலையில் நீளவாக்கில் படுக்கிற பக்க வளைக்கு 18 அடிக் கல்மூங்கில் இரண்டு, மோட்டுவளைக்கு ஒன்று. குறுக்குக் கழி 11 அடியில் மூன்று. உச்சியிலிருந்து சரிவாக இறங்குகிற கைமரம் 10 அடியில் பதினெட்டு. முட்டுக்கொடுக்க ஐந்தாறு கழி அதிகமாக, இரண்டாக வெட்டினால் எட்டு முட்டுக்குப் போதும். வரிச்சுக்கு 18 அடி மூங்கில் பத்து, ஒவ்வொன்றையும் நாலாகப் பிளந்தால் நாற்பது வரிச்சு கிடைக்கும், தேவைப்படுவது முப்பத்தெட்டு.

ஐந்தடி நீளக் கீற்று இருநூறு. உங்கள் ஊரில் முடைகிற கீற்றின் நீளம் வேறாக இருக்கலாம், அளந்துவிட்டு வாங்குங்கள். மேடைக்குச் சவுடு மண்ணோ கிராவலோ நாலு யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). மூட்டுகளுக்குத் துத்தநாகம் பூசிய ஜி.ஐ. கம்பி நாலைந்து கிலோ, கீற்றுக் கட்டத் தென்னங்கயிறு அல்லது பனைநார்.

கழிக்கடையில் கவனிக்க வேண்டியது: மூங்கில் பச்சையாகப் பளபளவென்று இருந்தால் அது இளசு. மூன்று வருடத்துக்குக் குறையாத முற்றிய கழி மங்கலாக, தட்டினால் கணீரென்று இருக்கும். இளசு காயும்போது சுருங்கும், சுருங்கினால் கட்டு தளரும், மரத்தைத் துளைக்கிற உளுப் பூச்சியும் அதில்தான் முதலில் விழும்.

கீற்று வாங்கும்போது ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள், ஊசி ஊசியாக வெளிச்சம் வந்தால் பரவாயில்லை, விரல் அகலத்துக்கு வந்தால் விட்டுவிடுங்கள். பச்சை ஓலையில் அவசரமாக முடைந்தது பார்வைக்கு நெருக்கமாக இருக்கும், காய்ந்ததும் ஓலை சுருங்கி இடைவெளி விடும். நன்றாக ஊறவைத்து முடைந்து காயவைத்ததைக் கேட்டு வாங்குங்கள்.

4. கழியைப் பதப்படுத்துவது

இதைத்தான் எல்லாரும் தாண்டிவிடுகிறார்கள். வாங்கின அன்றே நட்டுவிட வேண்டும் என்று கை பரபரக்கும்.

மூங்கிலைக் குளத்தில் மூன்று நாலு வாரம் முழுகப் போடுங்கள், மேலே கல் வைக்காவிட்டால் மிதந்துகொண்டிருக்கும். மூங்கிலுக்குள் இருக்கிற மாவுச்சத்துக்காகத்தான் பூச்சி வருகிறது, தண்ணீரில் அது கரைந்து போய்விட்டால் பூச்சிக்கு அங்கே வேலை இல்லை. ஓடுகிற தண்ணீர் இன்னும் நல்லது, ஆனால் மேட்டூரை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு வாய்க்காலை நம்ப முடியாது. எடுத்தபின் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் வெடிக்கும்.

சவுக்குக் காலின் பட்டையை முழுதாகச் சீவிவிடுங்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில்தான் கரையான் ஒளிந்து ஏறும். நன்றாகக் காய்ந்தபிறகு அடிப்பக்கம் நாலரை அடிக்கு லேசாகத் தீயில் வாட்டி, மேல்தோல் கருகினதும் சூடான தாரை இரண்டு கை பூசுங்கள். ஈர மரத்தில் தார் பூசுவது வீண், உள்ளே இருக்கிற ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளிருந்தே இற்றுப்போகும். என்னுடைய முதல் கொட்டகையில் நான் செய்தது அதுதான், காற்று பிடுங்கியதற்குப் பாதிக் காரணம் அது என்று இப்போது தோன்றுகிறது.

5. மூலை குறிப்பது

நாலு முளையடித்துக் கயிறு கட்டுங்கள். மூலை சரியா என்று பார்க்க, ஒரு பக்கத்தில் 6 அடி, இன்னொரு பக்கத்தில் 8 அடி குறித்து அந்த இரண்டு குறிக்கும் குறுக்கே அளந்தால் 10 அடி வர வேண்டும். கடைசியில் மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் 18 அடி வந்தால் சரி. ஒன்று 17½, இன்னொன்று 18½ என்று வந்தால் கொட்டகை கோணல், அது கூரை வேயும்போதுதான் தெரியும், ஒரு முனையில் கீற்று நீண்டும் மறுமுனையில் போதாமலும் நிற்கும்.

6. கால் நடுவது

புதிதாகக் கட்டுகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் தவறு செய்கிற இடம் இது, அதனால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன்.

மேடை முதலிலா, கால் முதலிலா? கால்தான் முதலில். மண்ணைக் கொட்டி மேடை போட்டுவிட்டு அதில் குழி தோண்டினால், கால் நிற்பது நேற்றுக் கொட்டின பொலபொல மண்ணில். கால்களை இயற்கைத் தரையில் நட்டு, அப்புறம் சுற்றிலும் மண் போட்டு இடித்தால் மேடையே காலைப் பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இப்படிச் செய்கிறவர்கள் மேடை உயரத்தை மறந்துவிடுகிறார்கள். தரையிலிருந்து ஆறரை அடி என்று கணக்குப் போட்டுக் காலை வெட்டிவிட்டு, ஒன்றரை அடி மண் கொட்டியபின் பார்த்தால் உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. கணக்கு இப்படி வர வேண்டும்: இயற்கைத் தரைக்குக் கீழே 2½ அடி, மேடை 1½ அடி, மேடைக்கு மேலே 6½ அடி. ஓரக்கால் மொத்தம் 10½. நடுக்காலுக்கு இன்னும் 5 அடி கூட்டினால் 15½. வாங்கியது அரையடி அதிகம், அது தலையில் வாய் வெட்டுவதற்கும் சரிசெய்வதற்கும்.

காலின் அடியில் ஒரு அடி நீளத்துக் குறுக்குக் கட்டை ஒன்றைக் கம்பியால் இறுக்கிக் கட்டி, அதோடு குழியில் இறக்குங்கள். புயலில் காற்று கொட்டகையைக் கீழே அமுக்குவதில்லை, கூரைக்கு அடியில் புகுந்து மேலே தூக்குகிறது. குறுக்குக் கட்டை இருந்தால் அதன் மேல் இருக்கிற மண் முழுவதையும் சேர்த்துத்தான் காற்று தூக்க வேண்டும். பத்து நிமிட வேலை இது. நான் முதலில் செய்யாமல் விட்டதும் இதுதான்.

குழியைச் சுற்றி உடைந்த செங்கலும் மண்ணுமாக அரையடி அரையடியாகப் போட்டு இடியுங்கள். சிமெண்ட் ஊற்ற வேண்டாம். மரம் காய்ந்து சுருங்கும், சிமெண்ட் சுருங்காது, நடுவில் விழுகிற சந்தில் மழைத்தண்ணீர் நின்று காலை அழுகவைக்கும். நீண்டநாள் உழைக்க வேண்டுமென்றால் வேலிக்கு நடுகிற கருங்கல் காலை வாங்கி அடியில் நட்டு, மண்ணைத் தொடாமல் அதன் மேல்பக்கத்தோடு மரக்காலைக் கம்பியால் பிணைத்துக்கொள்ளலாம். செலவு கூடும்.

முதலில் நாலு மூலை, பிறகு நீளப் பக்கத்து நடுவில் இரண்டு, கடைசியாக நடுக்கால் மூன்று. ஒவ்வொன்றையும் தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். உயரத்தைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், வயல் தரை மட்டமாகவே இருக்காது. ஒளி ஊடுருவும் ட்யூபில் தண்ணீர் நிரப்பி ஒரு காலில் குறித்த மட்டத்தை மற்றக் கால்களுக்கு மாற்றுங்கள், அதற்கு மேலே இருப்பதை வெட்டுங்கள்.

உள்ளே நிற்கிற மூன்றாவது நடுக்கால் கட்டிலுக்கு இடைஞ்சல் என்று எல்லாரும் எடுத்துவிடச் சொல்வார்கள். எடுக்காதீர்கள். மழையில் ஊறிய கீற்றின் கனம் தாங்காமல் இரண்டாம் வருடம் மோட்டுவளை குதிரை முதுகாகக் குழியும்.

7. வளை, கைமரம், முட்டு

கால் தலையில் பிறைபோல வாய் வெட்டி வளையைப் படுக்கவையுங்கள். மூங்கிலில் நேரடியாக ஆணி அடித்தால் பிளந்துவிடும். கம்பியால் இரண்டு சுற்று நேராக, இரண்டு சுற்றுக் குறுக்காகப் போட்டு முறுக்குங்கள். குறுக்குக் கழி மூன்றையும் எதிரெதிர்க் கால்களுக்கு இடையே கட்டி, நடுக்காலோடும் சேர்த்துப் பிணைத்துவிடுங்கள். இல்லையென்றால் கூரைக் கனத்தில் ஓரக்கால்கள் வெளிப்பக்கம் சாயும்.

மோட்டுவளையைத் தூக்குகிற அன்றைக்கு மூன்று பேர் வேண்டும். மற்ற நாளெல்லாம் இரண்டு பேர் போதும்.

கைமரங்களைத் தனித்தனியாக மோட்டுவளையில் கட்டாதீர்கள், வழுக்கி இறங்கும். தரையிலேயே ஜோடி ஜோடியாக உச்சியில் கத்தரிக்கோல் மாதிரி கட்டி, அப்படியே தூக்கி மோட்டுவளையின் மேல் கவிழ்த்துங்கள். ஒன்பது ஜோடி, இரண்டடிக்கு ஒன்று, இரண்டு முனையிலும் ஓரடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் சரிந்தால் மறுபக்கம் இழுத்துப் பிடிக்கும்.

அகலத்தில் பாதியான ஐந்தடிக்கு ஐந்தடி உயரம் என்பது சும்மா வைத்த கணக்கில்லை. கீற்றுக்கூரை தண்ணீரைத் தடுப்பதில்லை, ஓட்டிவிடுகிறது. சரிவு குறைந்தால் தண்ணீர் ஓலைமேல் நின்று ஊறி உள்ளே இறங்கும். கழி மிச்சமாகிறது என்று மூன்றரை அடி உயரத்தில் முடித்துவிட்டு, அப்புறம் வருடா வருடம் கீற்றுக்குக் கொட்டிக்கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

இறவாணம், அதாவது கூரையின் தாழ்ந்த ஓரம், ஒன்றரை அடிக்கு மேல் வெளியே நீள வேண்டாம். நீட்டினால் நிழல் கூடும், காற்றுக்குக் கைப்பிடியும் கூடும்.

கடைசியாக முட்டு. ஒவ்வொரு மூலைக்காலிலிருந்தும் இரண்டு பக்கத்து வளைக்கும் சாய்வாக ஒரு கழி, ஆக எட்டு. இது இல்லாத கொட்டகையைத் தோளால் தள்ளிப் பாருங்கள், ஊஞ்சலாடும்.

8. மேடை

முட்டெல்லாம் கட்டின பிறகுதான் மண் கொட்ட வேண்டும், அதற்கு முன்னால் இடித்தால் கால்கள் நகரும். கூரை வேயும் முன்னால் கொட்ட வேண்டும், அப்போதுதான் வெயில் பட்டுக் காயும், கூரை வேலைக்கும் ஏணி ஒன்றரை அடி மிச்சம்.

மேடை 12 அடிக்கு 16 அடி. நீளப் பக்கத்தில் காலுக்கு வெளியே ஓரடி மட்டும், ஏனென்றால் கூரைத் தண்ணீர் ஒன்றரை அடிக்கு வெளியே சொட்டுகிறது, மேடை அதற்கு உள்ளே அடங்க வேண்டும். சொட்டு மேடை விளிம்பில் விழுந்தால் ஒரே மழைக்காலத்தில் அரித்துவிடும்.

வயல் களிமண்ணை வெட்டிப் போடாதீர்கள். அது ஈரத்தில் உப்பும், கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும், வெடிப்பில் தேள் குடியிருக்கும். சவுடை அரையடி கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, மறுநாள் அடுத்த அரையடி. ஒரே நாளில் ஒன்றரை அடியும் கொட்டினால் மேல்பக்கம் மட்டும் இறுகும்.

மேலே களிமண், மணல், உமி, சாணி கலந்து மெழுகுவது கூரை முடிந்தபிறகு. ஓரச் சரிவில் அருகம்புல்லைப் பிடுங்கி நட்டுவிட்டால் அது மண்ணைப் பிடித்துக்கொள்ளும்.

9. வரிச்சும் கீற்றும்

வரிச்சு அரையடிக்கு ஒன்று, ஒரு பக்கத்துக்குப் பத்தொன்பது. கீற்றின் அகலம் ஒன்றரை அடி இருந்தால், அரையடிக்கு ஒரு வரிசை போடும்போது கூரையில் எந்த இடத்தைத் தொட்டாலும் மூன்று கீற்று கனம் இருக்கும். முக்கால் அடிக்கு ஒன்று போட்டால் இரண்டுதான். கோடைக்கு அது போதும், டெல்டாவின் கார்த்திகை மழைக்குப் போதாது.

கீழிருந்து மேலே வேயுங்கள். மட்டை மேல்பக்கம், ஓலை நுனி கீழ்ப்பக்கம். முதல் வரிசையை இறவாணத்தில் இரட்டையாகப் போடுங்கள், காற்று முதலில் பிரிப்பது அந்த ஓரத்தைத்தான்.

ஒரு வரிசைக்கு நாலு கீற்று, ஒன்றன்மேல் ஒன்று ஓரடி ஏறி. மேற்கு முனையில் ஆரம்பித்துக் கிழக்கே போங்கள். அப்போது கிழக்குக் கீற்று மேலே படியும், அதன் திறந்த விளிம்பு மேற்கைப் பார்க்கும், கிழக்கிலிருந்து சாரலாக அடிக்கிற மழை அதற்குள் நுழையாது. அடுத்த வரிசையில் இணைப்புகள் கீழ் வரிசை இணைப்புக்கு நேர்மேலே வராதபடி தள்ளி வையுங்கள்.

கயிற்றை நனைத்துக் கட்டுங்கள், அதிலும் நார் காயும்போது சுருங்கிப் பிடிக்கும். மலிவான பிளாஸ்டிக் கயிறு ஒரே கோடை வெயிலில் பொடிந்துவிடும். ஒவ்வொரு கீற்றுக்கும் குறைந்தது மூன்று கட்டு.

கூரை மொத்தத்துக்கும் அடியில் தார்ப்பாய் விரித்துவிடலாமே என்று கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கீற்றுக்குள் இறங்குகிற ஈரம் வெளியே காற்றாட முடியாமல் அடியிலேயே மக்கும், உள்ளே புழுக்கமும் தாங்காது.

இந்த வேலைக்கு மட்டும் முதல் நாள் ஒரு கூரை வேய்கிறவரைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். அவர் ஒரு பக்கம் வேய, நீங்கள் மறுபக்கம் பார்த்துச் செய்யுங்கள். கை வேகத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

10. முகடு

ஒழுகுவதில் பெரும்பங்கு இங்கேதான். இரண்டு சரிவின் கடைசி வரிசையும் மோட்டுவளையைத் தாண்டி மறுபக்கம் மடங்கட்டும். இந்த ஒரு இடத்தில் மட்டும் மூன்றடி அகலத் தார்ப்பாயை நீளவாக்கில் போட்டு, அதன்மேல் கீற்றை இரட்டையாகக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் ஒரு வரிச்சை வெளியே வைத்து உள்வரிச்சோடு கோத்துக் கட்டுங்கள்.

11. காற்றுக்கட்டு

மூங்கில் வரிச்சு நாலைந்தைக் கூரைக்கு வெளியே நீளவாக்கில் படுக்கவைத்து உள்ளே கைமரத்தோடு கட்டிவிடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடலோரத்தில் பழைய மீன்வலையைக் கூரைமேல் போர்த்தி ஓரத்தை இழுத்துக் கட்டுவார்கள், அதைவிடச் சுலபமான, மலிவான பாதுகாப்பு எனக்குத் தெரியவில்லை. வலையின் முனைகளைக் கீற்றில் கட்டக்கூடாது, வளையிலோ காலிலோ கட்ட வேண்டும். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால் உள்ளே படுக்காதீர்கள், எத்தனை கட்டுப் போட்டிருந்தாலும் சரி.

12. தட்டி, வாசல்

அடியில் இரண்டடிக்குக் குட்டைச் சுவர், மண்ணோ செங்கலோ. மேலே கீற்றுத் தட்டி. கீற்றை மேடை வரை இறக்கிவிட்டால் கரையானுக்கு நீங்களே ஏணி வைத்துக் கொடுத்த மாதிரி.

வாசல் மேற்குப் பக்கம், நடுக்காலுக்கு ஒரு ஓரமாக. கிழக்கு வாசல்தான் வேண்டும் என்பவர்கள் வைத்துக்கொள்ளலாம், கார்த்திகையில் சாரல் கட்டில்வரை வரும். கிழக்கு முக்கோணத்தைத் தட்டியால் முழுதாக அடைத்துவிடுங்கள், அந்த வழியாகக் காற்று புகுந்தால் கூரை உப்பிக்கொள்ளும். மேற்கே உச்சியில் ஒரு முழம் திறந்திருக்கட்டும், வெக்கை வெளியேறும். கதவுக்கு ஒரு படல் போதும்.

13. நெருப்பு

2004 ஜூலை 16-ல் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் கீற்றுக்கூரை பிடித்த தீயில் 94 குழந்தைகள் இறந்தார்கள், தீ சமையல்கூடத்தில் தொடங்கியது. கீற்று பிடித்தால் வாளியை எடுத்துவரக்கூட நேரம் இருக்காது. அதனால் உள்ளே அடுப்பு, கொசுவர்த்தி, அகல் எதுவும் வேண்டாம். டீ போடுவதென்றால் இருபதடி தள்ளி, காற்று கொட்டகைப் பக்கம் வீசாத திசையில்.

மின்சாரம் எடுத்தால் ஒயரைக் குழாய்க்குள் விட்டு மரக்காலோடு மட்டும் கொண்டுபோங்கள், கீற்றுக்குள் செருகக்கூடாது, எலி கடித்துவிடும். எல்இடி பல்பு ஒன்று போதும். தீபாவளிக்கு முந்தின நாள் கூரையை நனைத்துவிடுவது என் வழக்கம், ராக்கெட் யார் வீட்டிலிருந்து வரும் என்று சொல்ல முடியாது.

14. முதல் மழை

முதல் நல்ல மழை பெய்யும்போது கரிக்கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போய் உட்காருங்கள். எங்கே சொட்டுகிறதோ அதற்கு நேர்மேலே இருக்கிற வரிச்சில் கோடு போடுங்கள். ஓட்டை அங்கேயே இருக்காது, தண்ணீர் வரிச்சைப் பிடித்துக்கொண்டு கீழே வழிந்து வந்திருக்கும், கோட்டிலிருந்து ஒன்றிரண்டு முழம் மேலே பாருங்கள். மழை விட்டு ஒருநாள் காய்ந்ததும் அந்த இடத்தில் ஒரு கீற்றைச் செருகிவிடலாம். ஈரக்கூரைமேல் ஏறாதீர்கள், வழுக்கும், ஊறிய ஓலை காலடியில் கிழியும்.

கம்பிக்கட்டுகளை ஆனியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை கையால் அசைத்துப் பார்த்து முறுக்குங்கள். ஒன்றிரண்டு வருடத்தில் கீற்று கருத்து இற்றதும் பழையதை மொத்தமாகப் பிரிக்க வேண்டியதில்லை, உதிர்கிறதை உதிர்த்துவிட்டு மேலேயே ஒரு போர்வை வேய்ந்துகொள்ளலாம். இப்படி இரண்டு தடவை. மூன்றாவது தடவைக்குப் பிரித்துவிடுங்கள், அதற்குள் கனம் கூடியிருக்கும், உள்ளே எலியும், எலியைத் தேடி வந்ததும் இருக்கும்.

பிரிக்கும்போது கம்பு ஒன்றால் தட்டிவிட்டு, அரை நிமிஷம் பொறுத்து, அப்புறம் கையை வையுங்கள்.